நோயுற்ற இதயத்துக்குச் சாய்வு சைக்கிள்

சாய்வு சைக்கிளின் இருக்கை நாற்காலி அளவுக்கு அகலமானது; முதுகுக்கு முழுச் சாய்மானம் உண்டு. பெடல்கள் காலுக்கு நேர் கீழே இல்லாமல் முன்னால், ஏறக்குறைய இடுப்பு உயரத்தில் இருக்கும். உட்கார்ந்தவர் காலைக் கீழே அழுத்துவதில்லை, முன்னோக்கி உதைக்கிறார். மாரடைப்பு வந்து தேறியவர்களுக்கும், ஸ்டென்ட் வைத்தவர்களுக்கும், பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கும் பயிற்சி தரும் பிசியோதெரபி கூடங்களில் டிரெட்மில்லுக்குப் பக்கத்தில் இந்த இயந்திரம் நிற்கும். ஜிம்மில் இதை ரிகம்பென்ட் பைக் என்பார்கள்.

சாலையில் ஓடும் சாய்வு சைக்கிள் மருத்துவத்துக்காகப் பிறந்ததல்ல. பிரான்சில் சார்ல் மோஷே என்பவர் உருவாக்கிய ‘வெலோகார்’ வண்டியில், 1933 ஜூலையில் பிரான்சிஸ் ஃபோர் ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக ஓட்டி, 1914 முதல் நிலைத்திருந்த ஆஸ்கர் எக்கின் சாதனையை முறியடித்தார். மறு ஆண்டே சர்வதேச சைக்கிள் சங்கம் பந்தய சைக்கிளுக்குப் புதிய விதி எழுதி, சாய்வு வண்டிகளைப் போட்டியிலிருந்து வெளியேற்றியது. அந்த வேகத்துக்குக் காரணம், சாய்ந்த உடலில் எதிர்காற்று குறைவாக மோதுவது. ஓரிடத்தில் நிற்கும் இயந்திரத்துக்கு எதிர்காற்றே கிடையாது. அதில் சாய்வினால் கிடைக்கும் பயன் முற்றிலும் வேறு.

இதய நோயாளி உடலை உழைக்கவிடலாமா என்ற கேள்விக்கு மருத்துவம் நெடுங்காலம் ‘கூடாது’ என்றே பதில் சொன்னது. நெஞ்சுவலி நோயை 1772இல் தெளிவாக விவரித்த லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன், தினமும் அரை மணி நேரம் மரம் அறுத்து ஏறக்குறைய குணமான ஒருவரைப் பற்றிக் குறிப்பிட்டிருக்கிறார். அந்தக் குறிப்பு பின்னால் வந்தவர்களின் நடைமுறையை மாற்றவில்லை. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் படுக்கையிலேயே கிடத்தினார்கள். தன் கையால் சாப்பிடக்கூட விடவில்லை. அசையாத காலில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்து இறந்தவர்கள் உண்டு. 1950களின் தொடக்கத்தில் பாஸ்டனில் சாமுவேல் லெவைனும் பெர்னார்ட் லோனும் நோயாளிகளை முதல் சில நாட்களிலேயே எழுப்பி நாற்காலியில் உட்காரவைத்தார்கள். பயந்தபடி விபரீதம் எதுவும் நடக்கவில்லை.

1955 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தபோது வரவழைக்கப்பட்ட இதய மருத்துவர் பால் டட்லி ஒயிட், தாமே சைக்கிள் ஓட்டுவதில் பேரார்வம் கொண்டவர். பாஸ்டனில் சார்ல்ஸ் நதிக்கரை சைக்கிள் பாதை இன்றும் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. அதிபர் படிப்படியாக நடமாட விடப்பட்டார்; மறு ஆண்டு தேர்தலில் நின்று வென்றார். இதய நோய் வந்தால் வாழ்க்கை முடிந்தது என்ற எண்ணத்தை அசைத்ததில் இந்த நிகழ்வுக்குப் பங்கு உண்டு.

படுக்கையின் கேட்டைக் கணக்காகக் காட்டியது 1966இல் டல்லாஸில் நடந்த ஆய்வு. ஆரோக்கியமான ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையில் இருக்கச் செய்தார்கள். உடல் அதிகபட்சமாகப் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜன் அளவு கால் பங்குக்கும் மேல் சரிந்தது. 30 ஆண்டுகள் கழித்து அதே ஐவரை மறுபடி சோதித்தபோது, அந்த மூன்று வாரம் செய்த சேதத்தை 30 ஆண்டு முதுமைகூடச் செய்யவில்லை என்று தெரிந்தது.

மிதிப்பதன் பலனுக்கு நேரடிச் சான்று ஜெர்மனியின் லைப்சிக் நகரிலிருந்து வந்தது. ரைனர் ஹாம்ப்ரெஷ்ட் குழு 2004இல் வெளியிட்ட ஆய்வில், இதய ரத்தக்குழாய் அடைப்பு இருந்தும் நிலை மோசமாகாத 101 ஆண்கள் இரண்டு குழுவாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு குழுவுக்கு ஸ்டென்ட். மற்றதற்குத் தினமும் 20 நிமிடம் நிலை சைக்கிள். ஓராண்டு முடிவில் மாரடைப்பு, மறு சிகிச்சை போன்ற பின்விளைவு ஏதும் இல்லாதவர்கள் மிதித்த குழுவில் 88 சதவீதம், ஸ்டென்ட் குழுவில் 70 சதவீதம். இதை அளவோடு படிக்க வேண்டும். ஆய்வு சிறியது, பெண்கள் இல்லை, ஸ்டென்ட் தொழில்நுட்பம் அதன்பின் முன்னேறிவிட்டது. மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும் நேரத்தில் அடைப்பை உடனே திறப்பதுதான் உயிரைக் காக்கும். அங்கே சைக்கிளுக்கு இடமே இல்லை. ஆனால் நிலைத்த நோயில் தினசரி மிதிப்பு ஒரு சிகிச்சை என்ற தகுதியைப் பெற்றது இத்தகைய ஆய்வுகளால்தான்.

பயிற்சியால் அடைப்பு கரைந்துவிடுவதில்லை. ரத்தக்குழாயின் உட்சுவர் நன்றாக விரியப் பழகுகிறது. தொடைத் தசைகள் வரும் ரத்தத்திலிருந்து கூடுதல் ஆக்சிஜனை உறிஞ்சக் கற்றுக்கொள்கின்றன. அதனால் அதே வேலைக்கு இதயம் குறைவாகத் துடித்தால் போதும். இதயத் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் போய்ச் சேருவது துடிப்புக்கும் துடிப்புக்கும் இடைப்பட்ட ஓய்வில். துடிப்பு குறையும்போது அந்த ஓய்வு நீள்கிறது. முன்பு இரண்டாம் மாடி ஏறும்போது வந்த வலி, சில மாதப் பயிற்சிக்குப் பின் வராமலிருப்பதற்குக் காரணம் இதுதான்.

எந்த சைக்கிளானாலும் இந்தப் பலன் கிடைக்கும். சாய்வுக்கென்று தனியாக இருப்பது ரத்த ஓட்டத்தின் கணக்கு. மனிதர் எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கும் மேற்பட்ட ரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடுகிறது. சாய்ந்து காலை முன்னே நீட்டும்போது அதில் ஒரு பகுதி மார்புக்குத் திரும்புகிறது. இதயத்தின் அறைகள் நன்றாக நிரம்புவதால் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் ரத்தம் கூடும். அதே வேலைக்குத் துடிப்பின் எண்ணிக்கை சற்றுக் குறையும். எழுந்து நின்றால் தலைசுற்றும் நோயாளிக்கும், ரத்த அழுத்த மாத்திரையால் தள்ளாடுபவருக்கும் இது பெரிய ஆறுதல்.

இந்த நன்மையிலேயே ஆபத்தும் இருக்கிறது. இதயத் தசை பலவீனமாகி, வரும் ரத்தத்தையே வெளியே தள்ளத் திணறும் இதயச் செயலிழப்பு நோயாளிக்கு, கூடுதலாகத் திரும்பும் ரத்தம் சுமைதான். அறையின் அழுத்தம் ஏறி நுரையீரலில் நீர் தேங்கும், மூச்சு வாங்கும். இரவில் இரண்டு தலையணை இல்லாமல் படுக்க முடியாதவரை முழுதாகச் சாய்த்து மிதிக்கச் சொல்வது தவறு. நெஞ்சுவலி உள்ளவர்களிலும் சிலருக்கு, மல்லாந்து படுத்து மிதித்தால் நிமிர்ந்து மிதிப்பதைவிடச் சீக்கிரமே வலி வரும்; இதயம் விரிந்து அதன் சுவரில் இழுவிசை கூடுவதே காரணம். பயிற்சிக் கூட இயந்திரத்தில் முதுகு ஓரளவுதான் சாய்கிறது. படுத்த நிலையில் மிதிக்கும் சோதனை மேசை வேறு. ஆனாலும் சாய்வு எவ்வளவு என்பதை மருத்துவர் தீர்மானிப்பதுதான் முறை.

சாய்வு சைக்கிளால் அதிகம் பயனடைபவர்கள் நடைப்பயிற்சி கைகொடுக்காதவர்கள். தமிழக அரசு 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் எல்லா மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளை அடையாளம் காட்டியது. நடக்க முடிந்தவருக்கு அதைவிட மலிவான மருந்து கிடையாது. முழங்கால் தேய்ந்தவர், உடல் பருத்தவர், பக்கவாதத்தில் ஒரு பக்கம் தளர்ந்தவர், விழுந்துவிடுவோமோ என்று அஞ்சும் முதியவர் என்ன செய்வார்? நீரிழிவால் பாதம் மரத்துப்போனவருக்கு நடக்க நடக்கப் புண் வரும். மிதிக்கும்போது உள்ளங்காலில் உடலின் முழு எடை விழாது. பைபாஸ் செய்தவருக்குப் பிளந்து தைத்த நெஞ்செலும்பு சேர 6 முதல் 12 வாரம் ஆகும். சாதாரண சைக்கிளில் கைப்பிடியில் சாயும் எடை அந்த எலும்பை உறுத்தும். சாய்வு சைக்கிளில் கைக்கு வேலையே இல்லை.

பயிற்சி நடக்கும் விதத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். முதலில் ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் குறிக்கப்படும். இன்சுலின் போடுபவருக்குச் சர்க்கரையும் பார்க்கப்படும். இருக்கைக்குக் கீழே உள்ள பிடியை இழுத்து முன்னும் பின்னும் நகர்த்தி, பெடல் மிகத் தொலைவில் இருக்கும்போதும் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும்படி வைப்பார்கள். பாதப் பட்டையை இறுக்குவார்கள். பாதம் மரத்தவருக்கு அதன் அடியில் தோல் சிவந்திருக்கிறதா என்று பயிற்சி முடிந்ததும் பார்க்க வேண்டும். முதல் ஐந்து நிமிடம் சுமையே இல்லாத மிதிப்பு. பிறகு 20 அல்லது 25 வாட் சுமை, நிமிடத்துக்கு 50 முதல் 60 சுற்று. தொடக்கத்தில் சுமையோடு மிதிப்பது 10 நிமிடம்தான் இருக்கலாம். சுமையைக் கூட்டுவதற்கு முன் நேரத்தைக் கூட்டுவார்கள். கடைசி ஐந்து நிமிடம் மறுபடி சுமை இறங்கும். சட்டென நிறுத்தினால் விரிந்த கால் குழாய்களில் ரத்தம் தங்கி, அழுத்தம் விழுந்து மயக்கம் வரலாம். துடிப்பின் ஒழுங்கும் கெடலாம்.

இதய நோயாளிகளில் பெரும்பாலானோர் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறார்கள். அது துடிப்பை அடக்கிவைப்பதால், 220இலிருந்து வயதைக் கழிக்கும் ஜிம் கணக்கு இவர்களுக்குப் பொருந்தாது. சுவீடனைச் சேர்ந்த குன்னார் போர்க் வகுத்த அளவுகோல் கூடங்களில் பயன்படுகிறது. 6 முதல் 20 வரை எண்கள். உழைப்பு எவ்வளவு கடினமாகத் தெரிகிறது என்று நோயாளியே ஓர் எண்ணைச் சொல்வார். ‘லேசு’ என்ற 11க்கும் ‘கொஞ்சம் கடினம்’ என்ற 13க்கும் இடையில் இருந்தால் சரி. வீட்டில் இதைவிட எளிய சோதனை போதும்: மிதித்துக்கொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. ஆபத்தான துடிப்பை மின்னதிர்ச்சியால் சரிசெய்யும் ஐ.சி.டி. கருவியை மார்பில் பொருத்தியவரின் துடிப்பு, கருவி அதிர்ச்சி தரும் அளவைவிட 10 முதல் 20 வரை குறைவாகவே நிற்க வேண்டும்.

சிலர் மிதிக்கவே கூடாது. ஓய்விலும் வலி வருபவர், வலி நாளுக்கு நாள் கூடிவருபவர், கட்டுக்குள் வராத துடிப்புக் கோளாறு உள்ளவர், மயக்கம் தரும் அளவுக்கு மகாதமனி வால்வு சுருங்கியவர், காய்ச்சலில் இருப்பவர் இந்தப் பட்டியலில் அடங்குவார்கள். இரண்டு மூன்று நாளில் எடை இரண்டு கிலோ ஏறினால் உடலில் நீர் தேங்குகிறது என்று பொருள். அன்று சைக்கிளை விட்டுவிட்டு மருத்துவரைப் பார்ப்பதே சரி.

சைக்கிள் ஒன்றே போதும் என்று நினைப்பது பெரும்பிழை. 52 நாடுகளில் நடந்த ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வு, முதல் மாரடைப்புக்கான ஆபத்தில் 90 சதவீதம் ஒன்பது காரணிகளில் அடங்குவதாக 2004இல் காட்டியது. புகை, ரத்தக் கொழுப்பு, ரத்த அழுத்தம், நீரிழிவு, தொப்பை, மன அழுத்தம், காய் பழம் குறைந்த உணவு, மது, உடலுழைப்பின்மை. இவற்றில் புகையை விடுவதற்கு நிகராக மற்றொன்றைச் சொல்வது கடினம். இதய நோய் வந்தபின் புகையை விட்டவர்களின் இறப்பு ஆபத்து, தொடர்ந்து புகைத்தவர்களைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருக்கிறது. ‘குறைத்துக்கொண்டேன்’ என்பது இங்கே கணக்கில் வராது.

உணவில் நம் வீடுகளின் முதல் சிக்கல் உப்பு. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. சாம்பாரில், ரசத்தில், பொரியலில், வடித்த சோற்றில், மோரில் போட்ட பிறகு ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் வந்து சேருகின்றன. இந்துப்பு உடலுக்கு நல்லது என்று அதற்கு மாறுபவர்கள் கவனிக்க வேண்டும்: அதிலும் பெரும்பகுதி அதே சோடியம்தான். சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கும், பொட்டாசியத்தைத் தேக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்கும் அதுவும் இளநீரும் மருத்துவரைக் கேட்காமல் ஆகாது. உலோக வால்வு வைத்து ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் ஒரு வாரம் தினமும் கீரை, மறு வாரம் ஒன்றுமில்லை என்று மாற்றினால் மருந்தின் அளவு தடுமாறும்.

எண்ணெயில் அளவும் முக்கியம், அதைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதும் முக்கியம். இந்தியாவில் எண்ணெய், கொழுப்பு வகைகளில் டிரான்ஸ் கொழுப்பின் வரம்பு 2022 முதல் 2 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஆனால் நாள் முழுக்கக் கொதிக்கும் பஜ்ஜி எண்ணெய்ச் சட்டியை எந்தச் சட்டத்தாலும் தினமும் எட்டிப்பார்க்க முடியாது. சோற்றின் அளவைக் குறைத்து, அந்த இடத்தில் காயும் சுண்டலும் பருப்பும் குழம்பு மீனும் வந்தால் தொப்பைக்கும் சர்க்கரைக்கும் சேர்த்து நல்லது.

உடம்பு தேறியதும் பலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். ஸ்டென்ட் வைத்தவர் ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரையைத் தானாக நிறுத்தினால், ஸ்டென்ட்டே அடைத்துக்கொள்ளலாம். எத்தனை நாள் மிதித்தாலும் அதை ஈடுகட்ட முடியாது. பயமும் சோர்வும் நோயின் பகுதிதான். அடுத்த மாரடைப்பு எப்போது வருமோ என்று வீட்டுக்குள்ளேயே முடங்கியவர், மற்ற நோயாளிகளோடு சேர்ந்து மிதிக்கத் தொடங்கியபின் தெளிந்துவிடுவதைப் பயிற்சிக் கூடங்களில் காணலாம்.

இயந்திரம் வாங்க வசதி இல்லாதவருக்கு, நாற்காலிக்கு முன்னால் தரையில் வைத்து மிதிக்கும் சிறு பெடல் கருவி கிடைக்கிறது. நாற்காலி பின்னால் நகராதபடி சுவரோடு ஒட்டிப் போட வேண்டும். சாலையில் ஓடும் மூன்று சக்கரச் சாய்வு சைக்கிளில் விழுகிற பயம் இல்லைதான். ஆனால் அது தரையோடு தாழ்ந்தது, பேருந்து ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியாது. நம் சாலைகளில் இதய நோயாளிக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது.

வீட்டில் மிதிப்பவர் சாப்பிட்டு ஒன்றரை மணி நேரமாவது கழித்து, வெயில் ஏறும் முன் மிதிப்பது நல்லது. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு 30 நிமிடம் என்ற இலக்கை எட்டச் சில மாதம் ஆனாலும் குற்றமில்லை. நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ ஓடும் வலி, குளிர்ந்த வியர்வை, வழக்கமில்லாத மூச்சுத் திணறல், படபடப்பு எது வந்தாலும் உடனே நிறுத்த வேண்டும். நீரிழிவு உள்ளவருக்கு வலியே இல்லாமல் வியர்வையும் திணறலும் மட்டும் வரலாம். மருத்துவர் தந்திருந்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை உட்கார்ந்தபடி வைத்துக்கொள்ள வேண்டும். ஐந்து நிமிடத்தில் அடங்காவிட்டால் 108ஐ அழைக்க வேண்டும். காய்ச்சலாலோ பயணத்தாலோ இரண்டு மூன்று வாரம் விட்டுப்போனால், விட்ட சுமையிலிருந்து தொடராமல் பாதிச் சுமையிலும் பாதி நேரத்திலும் மறுபடி தொடங்க வேண்டும்.