வங்கிகளின் நகரில் ஏழைப் பிள்ளைகள்

அமெரிக்காவில் நியூயார்க்கை அடுத்து வங்கித் தொழில் கொழிக்கும் ஊர் எது என்று கேட்டால், சிகாகோ என்றோ சான் பிரான்சிஸ்கோ என்றோதான் பலர் சொல்வார்கள். சரியான விடை, வட கரோலினாவின் சார்லட். 1998இல் அவ்வூரின் நேஷன்ஸ்பேங்க், சான் பிரான்சிஸ்கோவின் பேங்க்அமெரிக்காவோடு இணைந்தபோது, ‘பேங்க் ஆஃப் அமெரிக்கா’ என்ற புதிய நிறுவனத்தின் தலைமையகம் சார்லட்டிலேயே அமைந்தது. ஒரு காலத்தில் பஞ்சாலைகளை நம்பிப் பிழைத்த வட்டாரம் அது. இன்று வானளாவிய கண்ணாடிக் கட்டடங்கள். நல்ல சம்பளம் தேடி நாடெங்குமிருந்து வந்து குடியேறுகிறார்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகரத்தில் மட்டும் 8.74 லட்சம் பேர்.

இவ்வளவு செழிப்பான ஊரைத் தலைகுனிய வைத்தது 2014இல் வந்த ஓர் ஆய்வு. ஏழை வீட்டில் பிறந்த பிள்ளை மேலே வருவதற்கு எந்த ஊரில் எவ்வளவு வழி இருக்கிறது என்று அது பார்த்தது. நாட்டின் 50 பெரிய நகர வட்டாரங்களில் சார்லட்டுக்குக் கிடைத்தது 50ஆவது இடம். வருமானத்தில் அடிமட்ட ஐந்தில் ஒரு பங்குக் குடும்பங்களில் பிறந்து, மேல்மட்ட ஐந்தில் ஒரு பங்குக்குள் நுழைந்தவர்கள் அங்கே நூற்றுக்கு 4.4 பேர்தான். கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் அது 12.9.

தில்லியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த பொருளியலாளர் ராஜ் செட்டியும் அவருடைய மூன்று சகாக்களும் சேர்ந்து செய்த ஆய்வு இது. பெயர் நீக்கப்பட்ட கோடிக்கணக்கான வருமான வரிப் பதிவுகளை எடுத்துக்கொண்டு, 1980களின் முற்பகுதியில் பிறந்தவர்கள் வளர்ந்தபின் என்ன சம்பாதிக்கிறார்கள் என்பதைப் பெற்றோர் வருமானத்தோடு ஒப்பிட்டார்கள். ஒருவர் இன்று எங்கே குடியிருந்தாலும், அவர் வளர்ந்த ஊரின் கணக்கில்தான் வருவார். அதனால் படிப்பையும் பட்டத்தையும் வெளியூரிலிருந்து கொண்டுவந்த வங்கி அதிகாரியின் சம்பளம் சார்லட்டின் கணக்கில் ஏறவில்லை. உள்ளூர்ப் பிள்ளைகள் மட்டுமே கணக்கில் நின்றார்கள். ஊர் பெருகிய வேகம் இத்தனை காலம் மறைத்து வைத்திருந்தது அவர்களைத்தான்.

சார்லட்டின் வரைபடத்தைப் பார்த்தால் தெற்கே ஆப்பு வடிவில் வசதியான குடியிருப்புகள். மேற்கு, வடக்கு, கிழக்கு என்று பிறை வடிவில் அதைச் சூழ்ந்து வறுமை. இது தானாக வந்த வடிவமில்லை. தெற்கே மரங்கள் அடர்ந்த மையர்ஸ் பார்க் பகுதியின் பழைய கிரயப் பத்திரங்களில், கறுப்பர்களுக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. நகரின் நடுவே கறுப்பர்கள் தங்களுக்கென்று கட்டி எழுப்பிய புரூக்ளின் என்ற பேட்டையை 1960களில் ‘நகரப் புதுப்பிப்பு’ என்ற பெயரில் புல்டோசரால் தரைமட்டமாக்கினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. கடைகளும் தொழில்களும் இருநூறுக்கும் மேல் மூடப்பட்டன. இடித்த வீடுகளுக்கு ஈடாக அங்கே ஒரு வீடுகூடக் கட்டித் தரப்படவில்லை. ஒரு தலைமுறை சேர்த்த வீடு, கடை, வாடிக்கையாளர், அக்கம்பக்கம் எல்லாம் போனபின் அடுத்த தலைமுறை எதன்மேல் கால் ஊன்றும்?

இதே ஊர்தான் பள்ளிக்கூட விஷயத்தில் நாட்டுக்கே முன்மாதிரியாகவும் இருந்தது. இந்தியாவில் கிறிஸ்தவ ஊழியம் செய்துவிட்டு 1964இல் ஊர் திரும்பிய டேரியஸ் ஸ்வான், தம் ஆறு வயது மகன் ஜேம்ஸை வெள்ளைப் பிள்ளைகளும் படிக்கும் பள்ளியில் சேர்க்க முயன்றார். மறுத்துவிட்டார்கள். ஜூலியஸ் சேம்பர்ஸ் என்ற இளம் வழக்கறிஞர் வழக்கைக் கையில் எடுத்தார். அவர் வீட்டில் குண்டு வெடித்தது, அலுவலகத்துக்குத் தீ வைத்தார்கள். அவர் பின்வாங்கவில்லை. 1971இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது: பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி ஊரின் மறுபக்கம் கொண்டுபோயாவது பள்ளிகளைக் கலக்கலாம். 1984 தேர்தல் பிரச்சாரத்துக்கு வந்த அதிபர் ரேகன் இந்தத் திட்டத்தைச் சாடியபோது, அதுவரை ஆரவாரித்த கூட்டம் மௌனமாகிவிட்டது. அதிபர் சொன்னது தவறு என்று உள்ளூர் நாளிதழ் மறுநாளே தலையங்கம் எழுதியது. 1999இல் வேறொரு வழக்கில் நீதிமன்றம் இந்த ஏற்பாட்டுக்கு முடிவு கட்டியது. சில ஆண்டுகளிலேயே பள்ளிகள் பழையபடி நிறவாரியாகப் பிரியத் தொடங்கின.

பள்ளிகள் பிரிந்ததால்தான் சார்லட் கடைசி இடத்துக்குப் போனது என்று சொல்வது எளிது. ஆனால் காலக் கணக்கு இடிக்கிறது. 2014 ஆய்வில் வரும் பிள்ளைகள் 1980களிலும் 90களிலும் படித்தவர்கள். அதாவது பேருந்துத் திட்டம் நடந்த காலத்தவர்கள். அவர்களுக்கே இந்த நிலை. பள்ளிக் கலப்பு வீண் என்று இதற்குப் பொருளில்லை. அது முடிந்தபின், சிறுபான்மை மாணவர் மிகுந்த பள்ளிகளுக்கு ஒதுக்கப்பட்ட சிறுபான்மை இளைஞர்களிடையே குற்ற வழக்குகள் கூடியதை வேறோர் ஆய்வு காட்டியிருக்கிறது. ஆனால் பேருந்து மாலையில் பிள்ளைகளை இறக்கிவிட்ட தெருக்கள் மாறவில்லை என்பதை மறக்கக் கூடாது. வங்கியில் கோடைக்காலப் பயிற்சிக்கு இடம் இருக்கிறது என்ற தகவல் தெற்கே ஓர் அப்பாவிடமிருந்து பக்கத்து வீட்டு அப்பாவுக்குப் போகும். பிறைப் பக்கத்துக்கு வராது. 2022இல் 7.2 கோடி முகநூல் பயனர்களின் நட்புகளை ஆராய்ந்த செட்டி குழுவினர், ஏழைகளும் வசதியானவர்களும் நண்பர்களாகப் பழகும் ஊர்களில்தான் ஏழைப் பிள்ளைகள் அதிகம் மேலே வருகிறார்கள் என்று கண்டார்கள். ஒரே கட்டடத்தில் படிப்பது மட்டும் நட்பாகிவிடுவதில்லை என்பதையும் அதே ஆய்வு காட்டியது.

50ஆவது இடம் என்ற செய்தியை சார்லட் பூசி மெழுகவில்லை, அதற்காக அந்த ஊரைப் பாராட்ட வேண்டும். 2015இல் ஒரு பணிக்குழு அமைத்தார்கள். 2017இல் வந்த அதன் அறிக்கை, இனப் பிரிவினையே எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது என்று வெளிப்படையாக எழுதியது. அதற்கு முந்தைய ஆண்டுதான், கறுப்பினத்தவரான கீத் லமான்ட் ஸ்காட் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்து, நகரம் நாள்கணக்கில் கொந்தளித்திருந்தது. 2018இல் நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு இலவச முன்பள்ளி தொடங்கியது. அதே ஆண்டு, குறைந்த வாடகை வீடுகளுக்காக 5 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு வாக்காளர்கள் ஒப்புதல் தந்தார்கள். 2024இல் அதை 10 கோடியாக உயர்த்தினார்கள்.

அதே 2024இல், 1992 வரை பிறந்தவர்களைச் சேர்த்துச் செட்டி குழுவினர் மறுபடி கணக்கெடுத்தபோது சார்லட் 38ஆவது இடத்துக்கு ஏறியிருந்தது. புதிய திட்டங்களை இதற்குக் காரணமாகச் சொல்ல முடியாது. அவை தொடங்கும்போதே இந்தத் தலைமுறை வேலைக்குப் போயிருந்தது. நாடு முழுவதற்கும் அந்த ஆய்வு சொல்லும் காரணம் வேறு: எந்தச் சமூகத்தில் பெற்றோர்களில் அதிகம் பேர் வேலையில் இருந்தார்களோ, அங்கே வளர்ந்த பிள்ளைகள் நன்றாக வந்தார்கள். சொந்த அப்பா அம்மாவின் வேலை மட்டும் போதவில்லை, சுற்றியிருந்த வீடுகளிலும் காலையில் வேலைக்குக் கிளம்பும் பெரியவர்கள் இருக்க வேண்டியிருந்தது.

அதனால்தான் அந்த 10 கோடி டாலரில் எத்தனை வீடு என்பதோடு எங்கே வீடு என்ற கேள்வியும் முக்கியமாகிறது. 1990களில் ஐந்து பெருநகரங்களில் நடந்த ஒரு சோதனையில், 13 வயதுக்கு முன்பே வறுமை குறைந்த பகுதிக்குக் குடிபெயர்ந்த பிள்ளைகள் இருபதுகளின் நடுவில் 31 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். பதின்வயதில் போனவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. நிலம் மலிவாகக் கிடைக்கிறது என்று பிறைப் பக்கத்திலேயே வீடுகளைக் கட்டிக்கொண்டு போகலாம். விலை கூடுதலாகக் கொடுத்து, தெற்கே இருப்பவர்களின் முணுமுணுப்பையும் பொறுத்துக்கொண்டு, அங்கேயும் கட்டலாம். இன்று முன்பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு 13 வயதாக இன்னும் ஒன்பது ஆண்டுகளே இருக்கின்றன.