விமானமும் கணினியும்: நிபுணர் எனப்படுவோர் எங்கிருந்து வருகின்றனர்?

2025 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 12 ஆம் திகதி அஹமதாபாத்திலிருந்து லண்டன் நோக்கிப் புறப்பட்ட எயார் இந்தியா விமானம் மேலெழுந்து ஒரு நிமிடம் ஆவதற்குள் வீழ்ந்து நொறுங்கியது. விமானத்தில் இருந்தவர்களும் தரையில் இருந்தவர்களுமாக 260 பேர் உயிரிழந்தனர். லண்டனிலோ டொரொன்டோவிலோ உறவினர் இல்லாத வீடு உடுப்பிட்டியில் அரிது. ஆதலால் அச்செய்தி இங்கு வேற்றூர்ச் செய்தியாக வாசிக்கப்படவில்லை. அன்றிரவே கைத்தொலைபேசிகளில் விளக்கங்கள் குவியத் தொடங்கின. இயந்திரக் கோளாறு என்றார் ஒருவர். பறவை மோதியது என்றார் மற்றொருவர். தரையிலிருந்தவாறே விமானத்தின் கணினிக்குள் எவரோ ஊடுருவிவிட்டனர் என்று அடித்துக் கூறினார் இன்னுமொருவர். எல்லோருடைய பெயருக்குக் கீழும் 'நிபுணர்' என்ற சொல் இருந்தது. அவர்கள் என்ன தொழில் செய்தவர்கள் என்பது மாத்திரம் இருக்கவில்லை.

ஒரு மாதத்தின் பின்னர், ஜூலை 12 ஆம் திகதி வெளியான முதற்கட்ட விசாரணை அறிக்கை, இரு இயந்திரங்களுக்கும் எரிபொருள் செல்வதைக் கட்டுப்படுத்தும் ஆளிகள் ஒரு வினாடி இடைவெளியில் அடுத்தடுத்து 'நிறுத்தம்' என்ற நிலைக்கு மாறியமையைப் பதிவுசெய்தது. அது ஏன் நேர்ந்தது என்று அறிக்கை தீர்ப்புக் கூறவில்லை. விபத்து நடந்த இரவில் பேசியவர்களுக்கும் இந்த அறிக்கையை எழுதியவர்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு அறிவின் அளவில் மட்டும் உள்ளதன்று. தொழிற் பின்னணியிலும் உள்ளது. அப்பின்னணி எத்தகையது என்பதை நமது வாசகர்கள் அறிந்திருப்பது இன்று அவசியமாகிறது.

முதலாவதாக, 'விமானத்துறை நிபுணர்' என்றொரு தனித் தொழில் கிடையாது. விமானி, விமானப் பராமரிப்புப் பொறியியலாளர், வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர், விமானத்தை வடிவமைக்கும் பொறியியலாளர், விபத்து விசாரணையாளர் ஆகியோர் வெவ்வேறு பள்ளிகளில் பயின்றவர்கள். 1944 ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கையின் வழிவந்த சர்வதேச விதிகளின்படி, முதல் மூவரும் உரிமம் இன்றித் தொழில் செய்ய இயலாது. வர்த்தக விமானி உரிமத்துக்குப் பொதுவாக 200 மணித்தியாலப் பறப்பு வேண்டும். பெரிய பயணிகள் விமானத்தின் தலைமை விமானியாவதற்கான உரிமத்துக்கு 1,500 மணித்தியாலங்கள் வேண்டும். அதற்கு மேலும், ஒவ்வொரு விமான வகைக்கும் தனித்தனியே தகுதி பெற வேண்டும். பலாலிக்கும் சென்னைக்கும் இடையே பறக்கும் ஏ.டி.ஆர். ரக விமானத்தில் பல்லாண்டு பணியாற்றியவர், போயிங் 787 ரகத்தைப் பற்றிப் பேசும்போது அயலவராகவே பேசுகிறார். நேர்மையான விமானி இதைத் தாமே முன்கூட்டிச் சொல்லிவிடுவார்.

விமானியைக் காட்டிலும் குறைவாக அறியப்பட்டவர் பராமரிப்புப் பொறியியலாளர். விமானம் பறப்பதற்குத் தகுதியானது என்று கையொப்பமிடுபவர் அவரே. விபத்து நேர்ந்தால் முதலில் கைப்பற்றப்படும் ஆவணங்களில் அவரது கையொப்பம் உள்ள பதிவேடும் ஒன்று. தொலைக்காட்சிகள் அவரை அழைப்பது அரிது.

விபத்து விசாரணையாளர்களின் நிலை இன்னும் நுட்பமானது. சிகாகோ உடன்படிக்கையின் 13 ஆம் இணைப்பின்படி, விபத்து நடந்த நாடே விசாரணையை நடத்தும். விமானத்தைப் பதிவுசெய்த நாடு, அதை இயக்கிய நாடு, வடிவமைத்துத் தயாரித்த நாடு ஆகியன தத்தமது பிரதிநிதிகளை அனுப்பலாம். விசாரணையின் நோக்கம் மற்றொரு விபத்தைத் தடுப்பதேயன்றி எவர் மீதும் பழி சுமத்துவதன்று. ஆனால் விசாரணையாளரும் ஒரு நாட்டின் ஊழியர்தாம்.

இதற்கு நமது நாட்டிலேயே துயரமான சான்று உண்டு. 1978 நவம்பர் 15 ஆம் திகதி இரவு, ஜித்தாவிலிருந்து சுரபாயாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிய ஐஸ்லாந்து விமானம் ஒன்று, எரிபொருள் நிரப்புவதற்காகக் கட்டுநாயக்காவில் இறங்க முற்பட்டபோது ஓடுபாதைக்குச் சற்று முன்னால் தென்னந்தோட்டத்தில் வீழ்ந்தது. அதிலிருந்த 262 பேரில் 183 பேர் மரணமடைந்தனர். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னர், 1974 டிசம்பர் 4 ஆம் திகதி, ஜித்தா நோக்கிச் சென்ற வேறொரு யாத்திரிகர் விமானம் மலையகத்தின் சப்த கன்னியர் மலையில் மோதி 191 பேரும் பலியாகியிருந்தனர். இரண்டும் டி.சி.8 ரக விமானங்களே. 1978 இன் விபத்துக்கு, விமானிகள் உரிய நடைமுறைகளைப் பின்பற்றத் தவறியமையே காரணம் என இலங்கை அதிகாரிகள் முடிவு செய்தனர். ஐஸ்லாந்து, அமெரிக்க விசாரணையாளர்களோ விமான நிலையத்தின் தரையிறக்க வழிகாட்டுக் கருவியிலும் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டிலும் குறை கண்டனர். இரு தரப்பினரும் தகைமை உடையவர்கள். ஒரே சிதைவுகளைப் பார்த்தவர்கள். ஒரு தரப்பினர் விமான நிலையத்தை நடத்திய நாட்டவர். மற்றத் தரப்பினர் விமானத்தை இயக்கியதும் தயாரித்ததுமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். இதனால் எவரும் பொய்யுரைத்தனர் என்று கொள்ளவேண்டியதில்லை. எனினும், நிபுணரின் கல்வித் தகைமையுடன் அவர் யாருக்காகப் பணிபுரிகிறார் என்பதையும் சேர்த்தே அவரது கூற்றை எடைபோட வேண்டும் என்பதற்கு, ஹாஜிகளின் உயிரிழப்பின் பேரில் நமக்குக் கிடைத்த பாடம் இது.

இனிக் கணினிப் பாதுகாப்பு நிபுணர்களைப் பார்ப்போம். இவர்களது உலகம் முற்றிலும் வேறானது. இங்கு கட்டாய உரிமம் இல்லை. பறப்பு மணித்தியாலம் போன்றதோர் அளவுகோல் இல்லை. பட்டதாரிகளும் உள்ளனர், பள்ளி நாட்களிலேயே வீட்டுக் கணினியில் தாமாகக் கற்றவர்களும் உள்ளனர். தகுதியை நிலைநாட்டுவது செயல் விளக்கமே: இன்ன மென்பொருளில் இன்ன ஓட்டை இருக்கிறது என்று கண்டு, அதை உரிய நிறுவனத்துக்கு அறிவித்து, அது ஏற்றுக்கொள்ளப்பட வேண்டும். சென்னையைச் சேர்ந்த லக்ஷ்மண் முத்தையா 2019 இல் இன்ஸ்டாகிராம் கணக்குகளைக் கைப்பற்றக்கூடிய குறைபாடொன்றைச் சுட்டிக்காட்டி 30,000 டொலர் பரிசு பெற்றது இவ்வழியிலேதான்.

வடமராட்சியினருக்கு இந்த வேறுபாடு புதிதன்று. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தபோது, அதைச் செலுத்திய நம்மூர்க் கடலோடிகளின் அறிவு கடலிலேயே பெறப்பட்டது. தண்டையல்களின் தகுதியை ஊரார் அறிந்தது அவர்கள் கரைசேர்த்த கப்பல்களைக் கொண்டே. கணினிப் பாதுகாப்பு இன்றும் ஏறக்குறைய அந்த நிலையில் இருக்கிறது. ஆயின் ஒரு வேறுபாடு உண்டு: கரை சேராத தண்டையலை எல்லோரும் அறிவர், போலிக் கணினி நிபுணரை எளிதில் அறிய முடிவதில்லை.

இவ்விரு உலகங்களும் விமானத்தினுள் சந்திக்கும் இடத்திலேதான் குழப்பம் பெருகுகிறது. ஹியூகோ டெசோ என்ற ஸ்பானியர் 2013 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் மாநாடொன்றில், கைத்தொலைபேசிச் செயலி ஒன்றின் மூலம் விமானத்தின் பறப்பு முகாமைக் கணினியைத் திசைதிருப்பலாம் என்று காட்டினார். அவர் கணினிப் பாதுகாப்பு ஆலோசகர் மட்டுமன்று, வர்த்தக விமானியாகவும் பயிற்சி பெற்றவர். இரு பின்னணியும் ஒருவரிடம் அமைவது அபூர்வம். அவர் சோதித்ததோ இணையத்தில் வாங்கிய கருவிகளையும் பயிற்சி மென்பொருளையும் கொண்டு. பறப்புச் சான்றிதழ் பெற்ற கருவிகளில் அந்த முறை செல்லுபடியாகாது என்று அமெரிக்க, ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்புகள் அறிவித்தன. 2015 இல் கிறிஸ் ரொபர்ட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், பயணிகளின் பொழுதுபோக்குத் திரை வழியாக இயந்திரக் கட்டுப்பாட்டுக்குக் கட்டளை அனுப்பியதாகக் கூறினார் என அந்நாட்டுப் புலனாய்வுத் துறையின் ஆவணத்தில் பதிவானது. விமானப் பொறியியலாளர்கள் பலர் அதனை நம்பவில்லை. 2019 இல் ரூபன் சான்டமார்ட்டா, போயிங் 787 இன் மென்பொருளில் குறைகள் இருப்பதாகக் கூறியதையும் போயிங் நிறுவனம் மறுத்தது.

யாரை நம்புவது? ஆய்வாளர்கள் கண்ட குறைகள் வெறும் கற்பனை அல்ல. அதேவேளை, மென்பொருளில் ஓட்டை இருப்பதும் விமானத்தை வீழ்த்த முடிவதும் ஒன்றல்ல. இரண்டுக்கும் இடையில் மாற்றுக் கருவிகளும், விமானியின் கைகளும் உள்ளன. இந்த இடைவெளியை அளந்து கூறத்தக்கவர் இரு துறைகளிலும் காலூன்றியவர். அல்லது மற்றத் துறையினரை அருகில் வைத்துக்கொண்டு பேசுபவர். தயாரிப்பு நிறுவனத்தின் மறுப்பையும் அப்படியே ஏற்கத் தேவையில்லை. 2018 ஒக்டோபரில் இந்தோனேசியாவிலும் 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவிலும் இரு போயிங் 737 மெக்ஸ் விமானங்கள் வீழ்ந்து 346 பேர் மாண்டனர். அங்கு எவரும் ஊடுருவவில்லை. ஒரேயொரு உணரியின் தவறான தகவலை நம்பி விமானத்தின் மூக்கைக் கீழே தள்ளிய, நிறுவனமே எழுதுவித்த மென்பொருளே அழிவுக்கு வழிகோலியது.

மறுபுறம், உண்மையாகவே நடந்த கணினித் தாக்குதல்கள் பெரும்பாலும் தரையிலேயே நடந்துள்ளன. 2025 செப்டெம்பரில் கொலின்ஸ் ஏரோஸ்பேஸ் நிறுவனத்தின் பயணிகள் பதிவு மென்பொருள் கப்பம் கோரும் தாக்குதலுக்கு உள்ளாகி, ஹீத்ரோ, பிரசல்ஸ், பெர்லின் விமான நிலையங்களில் மக்கள் நீண்ட வரிசைகளில் காத்து நின்றனர். 2021 இல் எயார் இந்தியா, தனது பயணிகள் ஏறத்தாழ 45 இலட்சம் பேரின் விபரங்கள் களவு போனதாக அறிவித்தது. இவற்றை விளக்குவதற்கு விமானி தேவையில்லை. கணினிப் பாதுகாப்பாளரே உரியவர். ஆனால் போலியான செய்மதிச் சமிக்ஞைகளால் விமானத்தின் இருப்பிடம் பிழையாகக் காட்டப்படுவதை விளக்குவதற்கு இருவருமே தேவை. டில்லி விமான நிலைய அண்மையில் இது நிகழ்ந்ததை இந்திய அரசாங்கம் 2025 டிசம்பரில் பாராளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது.

சில வேளைகளில் எவரும் எதிர்பாராத தொழிலிலிருந்தும் நிபுணர் வருவார். 2014 மார்ச் 8 ஆம் திகதி 239 பேருடன் மறைந்த மலேசிய எம்.எச். 370 விமானம் இந்து சமுத்திரத்தின் தென்பகுதியை நோக்கிச் சென்றது என்பதைக் கணித்தவர்கள் முதலில் விமானத்துறையினர் அல்லர். இன்மார்சாட் என்ற செய்மதித் தொடர்பு நிறுவனத்தின் பொறியியலாளர்களே. விமானத்திலிருந்து மணிக்கொரு தடவை தானாகச் சென்ற மின்னணுச் சமிக்ஞையின் காலத்தையும் அதிர்வெண் மாற்றத்தையும் அவர்கள் ஆராய்ந்தனர்.

யாழ்ப்பாணத்தாருக்கு இவை ஏட்டுச் சங்கதிகள் அல்ல. 1998 செப்டெம்பர் 29 ஆம் திகதி பலாலியிலிருந்து இரத்மலானை நோக்கிப் புறப்பட்ட லயன் எயார் விமானம் 55 பேருடன் மன்னார்க் கடலில் மறைந்தது. (மேற்கூறிய இந்தோனேசிய நிறுவனத்தின் பெயரும் இதுவே, இரண்டுக்கும் தொடர்பில்லை.) சிதைவுகள் கடலடியில் கண்டறியப்பட்டது 2012 இலேதான். இடைப்பட்ட ஆண்டுகளில் உறவினர்களுக்குக் கிடைத்தவை வதந்திகளே.

பலாலி விமான நிலையம் 2019 ஒக்டோபர் 17 ஆம் திகதி சர்வதேச விமான நிலையமாகத் திறந்துவைக்கப்பட்டதன் பின்னர், பிள்ளைகளை விமானத்துறைக்கு அனுப்பும் விருப்பம் நமது பெற்றோரிடம் வளர்ந்துள்ளது. இணையப் பாதுகாப்புக் கல்விக்கும் அவ்வாறே. வரவேற்கத்தக்க விருப்பம். ஆனால் 'விமானக் கல்வி' என்ற ஒரே பலகையின் கீழ் விமானிப் பயிற்சியும், விமான நிலைய வரவேற்பாளர் பயிற்சியும் விற்கப்படுகின்றன. இராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம் சென்னையில் வானூர்திப் பொறியியல் பயின்றவர். ஆயினும் விமானப்படைக்கான தேர்வில் 8 இடங்களுக்கு 9 ஆவதாக வந்து, விமானியாகும் வாய்ப்பை இழந்தார். விமானத்தைப் படைப்பதும் செலுத்துவதும் இரு தொழில்கள் என்பதை அவரது வாழ்க்கை காட்டும்.

ஆகவே காணியை ஈடுவைத்துப் பணம் கட்டுமுன், இப்பயிற்சியின் முடிவில் கிடைப்பது சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபை ஏற்கும் உரிமமா, அன்றி நிறுவனம் தானே அச்சிட்ட சான்றிதழா என்று பெற்றோர் கேட்டறிய வேண்டும். கற்பிப்பவர் எந்த ரக விமானத்தில் எத்தனை மணித்தியாலம் பறந்தார் என்றும் கேட்கலாம். கணினிப் பாதுகாப்புக் கல்வியாயின், ஆசிரியர் தாமே கண்டறிந்து அறிவித்த குறைபாடு ஏதேனும் உண்டா என்று வினவலாம். அனுமதியின்றிப் பிறர் கணினிக்குள் நுழைவது 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின்படி தண்டனைக்குரியது. 'பழகிப் பார்' என்று மாணவனை அயலவர் இணையத்தளத்தின் மீது ஏவும் ஆசிரியரிடம் பிள்ளையை ஒருநாளும் விட்டுவைக்கலாகாது.