மழைக்கால மஞ்சள்

சேதுக்கரைக்கு அண்மையில் அமைந்த திருப்புல்லாணி, ஆதிஜெகந்நாதப் பெருமாள் கோயிலால் புகழ்பெற்ற ஊர். இராமநாதபுரம் மாவட்டத்தின் பிற ஊர்களைப் போலவே இவ்வூரும் வானத்தை நம்பி வாழ்வது. வடகிழக்குப் பருவமழை பெய்தால்தான் இங்குக் கண்மாயும் ஊருணியும் நிறையும். உழவரைப் போலவே அம்மழைக்குக் காத்திருக்கும் மற்றோர் உயிர் பெருந்தவளை.

இந்தியச் சமவெளிகளில் பரவலாக வாழும் இதன் அறிவியற்பெயர் ஹோப்லோபேட்ரகஸ் டைகரினஸ். பெயரின் பின்பகுதி புலியைச் சுட்டும். இது ஏறத்தாழ 15 செ.மீ. நீளம் வளரக்கூடியது. பச்சை அல்லது பழுப்பு நிற முதுகில் கரும்புள்ளிகள் காணப்படும். நடுமுதுகில் பெரும்பாலும் ஒரு வெளிர்க்கோடு ஓடும். சேற்றிலோ புல்லிலோ அமர்ந்தால் இது எளிதில் கண்ணுக்குப் புலப்படாது. கொக்கும் பாம்பும் உலவும் இடத்தில் அந்நிறமே அதன் கவசம்.

பெருமழை பெய்ததும் ஆண்தவளை அக்கவசத்தைக் களைகிறது. உடல் எலுமிச்சை மஞ்சளாகிறது. தொண்டையின் இருபுறமும் உள்ள குரற்பைகள் அடர்நீலமாகப் புடைக்கின்றன. பெண்தவளை இவ்வாறு மாறுவதில்லை. தவளையின் தோலில் நிறமிச் செல்கள் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. கருநிறமித் துகள்கள் செல்லின் நடுவே ஒடுங்கும்போது கருமை குறைந்து, மேலடுக்கின் மஞ்சள் பளிச்சிடுகிறது. இத்தகைய நிறமாற்றத்தை ஹார்மோன்கள் இயக்குகின்றன.

பகைவர் கண்ணில் படும் வண்ணத்தை அது ஏன் ஏற்க வேண்டும்? தேங்கிய மழைநீர் விரைவில் வற்றிவிடலாம். அதற்குள் முட்டை தலைப்பிரட்டையாகி, தலைப்பிரட்டை தவளையாகிக் கரையேற வேண்டும். ஆகவே, சில இரவுகளிலேயே தவளைகள் பெருந்திரளாகக் கூடுகின்றன. அந்நெருக்கத்தில் ஆண், பெண் வேறுபாட்டை மஞ்சள் நிறம் உணர்த்துவதாக ஆய்வாளர் கருதுவர். இனப்பெருக்கம் முடிந்ததும் அந்நிறம் மங்கிவிடுகிறது.

‘தவளை தன் வாயால் கெடும்’ என்பது பழமொழி. துணையை அழைக்கும் குரலே மனிதனுக்கும் வழிகாட்டியது. தவளைக்கால் ஏற்றுமதிக்காக மழையிரவுகளில் விளக்கேந்தி இவற்றைப் பெருமளவில் பிடித்தனர். வயற்பூச்சிகளை உண்ணும் உயிரினம் குறைந்தால் பயிருக்குக் கேடு என்பது உணரப்பட்டது. 1987இல் இந்திய அரசு அவ்வேற்றுமதியைத் தடைசெய்தது.

சட்டம் தவளையைப் பிடிக்கும் கையைத் தடுக்கலாம். தூர்ந்த ஊருணியில் நீரை நிரப்ப அதனால் இயலாது. நீர் தங்கும் இடம் இருந்தால்தான் அடுத்த மழைக்கும் அந்த மஞ்சள் தோன்றும். அவ்விடத்தைக் காப்பது ஊராரின் கடமை.