புது அப்டேட், பழைய போன்

மல்லாங்கிணறு, திருச்சுழி வட்டார நேயர்களே, அப்டேட் போட்ட மறுநாளே உங்கள் போன் கட்டைவண்டியாய் இழுக்கிறதா? ஓரிரு நாள் பொறுங்கள். ஆப்களை ஒழுங்குபடுத்தும் வேலை உள்ளே நடந்துகொண்டிருக்கும்.

அதன்பிறகும் இழுத்தால் பேட்டரியைச் சந்தேகப்படலாம். தேய்ந்த பேட்டரியால் போன் திடீரென அணைந்துபோகாமல் இருக்க, பழைய ஐபோன்களின் வேகத்தை அப்டேட் மூலம் குறைத்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. 2020-இல் பிரான்ஸ் ஆப்பிளுக்கு 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. குறைத்ததற்காக அல்ல, வாடிக்கையாளரிடம் சொல்லாமல் குறைத்ததற்காக! நியாயமான அபராதம்தான்.

நம் நாட்டிலும் ஐஓஎஸ் 18 அப்டேட்டுக்குப் பின் போன் சரியாக இயங்கவில்லை என்று புகார்கள் குவிய, 2025 ஜனவரியில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆப்பிளிடம் விளக்கம் கேட்டது.

பேட்டரிக்கு வெயில் ஆகாது. நம்மூர் சித்திரை வெயிலில் பைக் டேங்க் கவரில் போனை வைத்தால் சீக்கிரம் தேயும். அப்டேட்டுக்கு முன் மெமரியில் கொஞ்சம் இடம் ஒழித்துவையுங்கள். பாதுகாப்பு அப்டேட்டை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

புகார் சொல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கட்டணம் இல்லை.