அமுக்கரா: வேருக்குத்தான் விலை, வேரில்தான் மருந்து

நாட்டு மருந்துக் கடைகளில் அமுக்கராங்கிழங்கு என்று கேட்டால், விரல் நீளத்தில், வெளிர் மஞ்சள் நிறத்தில், காய்ந்த குச்சி போன்ற வேரை எடுத்துத் தருவார்கள். வடமொழியில் இதற்கு அசுவகந்தா என்று பெயர். பச்சை வேரில் குதிரையின் வாடை அடிப்பதால் வந்த பெயர் அது. கத்தரி, தக்காளி குடும்பத்தைச் சேர்ந்த இந்தச் செடி, தண்ணீர் குறைந்த மானாவாரி நிலத்துக்கு ஏற்ற மூலிகைப் பயிர். அண்மைக் காலமாக மாத்திரையாகவும் பொடியாகவும் இதன் விற்பனை பெருகியிருக்கிறது. இந்த நேரத்தில் பயிரிடுபவரும் வாங்கிச் சாப்பிடுபவரும் தெரிந்துகொள்ள வேண்டிய சில செய்திகள் உள்ளன.

எதற்குப் பயன்படுகிறது?

சித்த மருத்துவத்தில் உடல் தேற்றியாகவும், உடல் மெலிவு, நரம்புத் தளர்ச்சி, தூக்கமின்மை, மூட்டு வீக்கம் ஆகியவற்றுக்கும் அமுக்கரா வேர் கொடுக்கப்படுகிறது. வேரை அப்படியே இடித்துச் சாப்பிடும் வழக்கம் இல்லை. பானையில் பாலை ஊற்றி, வாயைத் துணியால் கட்டி, அதன்மேல் வேர்ப்பொடியை வைத்துப் பிட்டு அவிப்பதுபோல் ஆவியில் வேகவைத்து, உலர்த்தி, மறுபடியும் இடித்துச் சலித்த பிறகே மருந்தில் சேர்ப்பார்கள்.

அமுக்கராச் சூரணம் இதில் பெயர்பெற்ற மருந்து. கிராம்பு ஒரு பங்கு என்றால் சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128 என்று ஒவ்வொன்றும் இரட்டித்துக்கொண்டே போகும். சர்க்கரையே பாதிப் பங்கு என்பதால், நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது.

வேரில் உள்ள வித்தனோலைடு என்னும் வேதிப்பொருள்களே மருந்துக் குணத்துக்கு முக்கியக் காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். மன அழுத்தம் குறையவும், தூக்கம் சற்றுச் சீராகவும் வேரின் சத்து உதவியதாகச் சில ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் அவை பெரும்பாலும் குறைந்த எண்ணிக்கையிலானவர்களிடம், இரண்டு மூன்று மாதங்கள் மட்டுமே நடந்தவை. வருடக்கணக்கில் சாப்பிடலாம் என்பதற்கு அவை ஆதாரம் ஆகா. சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் இதனால் முற்றிலும் குணமாகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

யார் சாப்பிடக்கூடாது?

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தவிர்க்க வேண்டும். தைராய்டு, சர்க்கரை, ரத்த அழுத்தம், தூக்கம், வலிப்பு ஆகியவற்றுக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் சேர்த்துக்கொள்ளக் கூடாது. அமுக்கரா அந்த மருந்துகளின் வேகத்தைக் கூட்டவோ மாற்றவோ செய்யலாம். அரிதாகச் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளது. சாப்பிடத் தொடங்கிய பின் கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர்ந்து போவது, உடல் அரிப்பு, பசியின்மை தெரிந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கல்லீரல் நோய் ஏற்கெனவே உள்ளவர்களுக்கு இது வேண்டாம்.

இலையைக் கலக்காதீர்கள்

வேர் தோண்டும்போது இலையும் தண்டும் நிறையக் கிடைக்கும். அதையும் பொடித்துக் கலந்தால் எடை கூடும் என்று நினைக்கத் தோன்றும். அங்கேதான் ஆபத்து இருக்கிறது. இலையில் வித்தாஃபெரின்-ஏ என்னும் பொருள் வேரைவிட மிக அதிகம். இது அளவு மீறினால் செல்களுக்கு நஞ்சாகக் கூடியது. மருந்து தயாரிப்பவர்கள் வேரையே பயன்படுத்த வேண்டும், இலையைத் தவிர்க்க வேண்டும் என்று மத்திய ஆயுஷ் அமைச்சகம் 2021 அக்டோபரில் அறிவுறுத்தியது. டென்மார்க் நாடு 2023-ல் அமுக்கராவுக்கே தடை விதித்தது. நம் சரக்கில் இலை கலந்தது ஆய்வகச் சோதனையில் தெரிந்தால், அந்த மூட்டை மட்டுமல்ல, அடுத்த வருட வியாபாரமும் போய்விடும்.

சாகுபடி

நீர் தேங்காத செம்மண், மணல் கலந்த நிலம் ஏற்றது. களிமண்ணில் வேர் இறங்காது. இறங்கினாலும் கிளைத்துப்போய் விலை குறையும். ஜவஹர்-20, ஜவஹர்-134 ஆகியவை மத்தியப் பிரதேசம் மந்தசூர் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ரகங்கள். போஷிதா என்ற ரகமும் உண்டு.

ஜூன், ஜூலையில் விதைக்கலாம். நேரடியாகத் தூவ ஏக்கருக்கு 4 முதல் 5 கிலோ விதை தேவை. விதை மிகச் சிறியது என்பதால் மணலில் கலந்து, மேலாக மூடும்படி விதைக்க வேண்டும். முளைக்கும் பருவத்தில் நாற்றழுகல் வரும். கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதை நேர்த்தி செய்துகொள்ளுங்கள். 25 முதல் 30 நாளில் களையெடுத்து, அடர்ந்த இடத்தில் செடிகளைக் கலைத்துவிட வேண்டும். கத்தரியில் வரும் எபிலாக்னா வண்டு இதிலும் இலையைச் சுரண்டித் தின்னும். கத்தரி, தக்காளி போட்டு நூற்புழு தாக்கிய நிலத்தில் அமுக்கரா போடாதீர்கள்.

தழைச்சத்தை அள்ளிப் போட்டால் செடிதான் வளரும், வேர் பருக்காது. நன்கு மக்கிய தொழு உரம் போதும். வேர் அப்படியே மருந்துக்குப் போவதால் ரசாயனப் பூச்சிமருந்தைத் தவிர்ப்பது நல்லது.

அறுவடையும் தரமும்

விதைத்த 150 முதல் 180 நாளில் இலை காய்ந்து, பழம் சிவக்கும். அப்போது லேசாக ஈரம் இருக்கும்போது வேர் அறுபடாமல் தோண்டுங்கள். மேல்தண்டை வேருக்கு ஒன்றிரண்டு செ.மீ. மேலே வெட்டி நீக்கி, மண் போகக் கழுவி, 7 முதல் 10 செ.மீ. துண்டுகளாக்கி உலர்த்துங்கள். ஒடித்தால் சட்டென்று முறிந்து, உள்ளே வெள்ளையாக இருப்பது நல்ல வேர். பருத்து, நேராக, 7 செ.மீ. நீளம் வரை உள்ளது முதல் தரம். மெலிந்து, சிறுத்துக் கிளைத்தது கடைசித் தரம். தரம் பிரிக்காமல் ஒரே மூட்டையாகக் கட்டினால் வியாபாரி கடைசித் தரத்து விலையைத்தான் சொல்வார்.

ஏக்கருக்கு 120 முதல் 200 கிலோ உலர்ந்த வேர் கிடைக்கும். டன் கணக்கில் விளையும் என்று சொல்லி விதை விற்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஈரம் பட்டால் பூசணம் பிடிக்கும் என்பதால் காற்றுப் புகாத பையில் கட்டி, தரையில் படாமல் மரப்பலகைமீது அடுக்குங்கள்.

நாட்டின் பெரிய அமுக்கரா சந்தை மத்தியப் பிரதேசம் நீமச்சில் உள்ளது. அங்கே வரத்து கூடினால் இங்கேயும் விலை இறங்கும். எனவே விதைக்கும் முன்பே வாங்குபவர் யார், எந்தத் தரத்துக்கு என்ன விலை, சோதனைச் செலவு யாருடையது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் வருடம் கால் ஏக்கர், அரை ஏக்கர் போட்டுப் பார்த்து, விலையும் மண்ணும் ஒத்துவந்தால் பரப்பைக் கூட்டலாம். நாற்றங்கால், ரகம், மானியம் பற்றி உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்திலும் தோட்டக்கலைத் துறை அலுவலகத்திலும் கேட்டறியலாம்.