தீர விசாரிக்க ஒரு நூலக அட்டை

1998 ஜனவரியில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர் ஸெல் மில்லர், சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒலிநாடாவில் பீத்தோவன் இசையைப் போட்டுக் காட்டினார். மாநிலத்தில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் மேற்கத்திய செவ்வியல் இசையை இலவசமாக வழங்க 1,05,000 டாலர் ஒதுக்க வேண்டும் என்பது அவர் கோரிக்கை. மொசார்ட் கேட்டால் குழந்தையின் மூளை கூர்மையாகும் என்ற நம்பிக்கை அப்போது பரவலாகியிருந்தது. அதன் வேரைத் தேடிப் போனால், 1993-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஒரு பக்கக் குறிப்பில் போய் நிற்போம். 36 கல்லூரி மாணவர்கள் மொசார்ட்டின் இரட்டைப் பியானோ சொனாட்டா ஒன்றைப் பத்து நிமிடம் கேட்டார்கள். பிறகு, மடித்து வெட்டிய காகிதத்தை விரித்தால் எப்படி இருக்கும் என்று ஊகிப்பது போன்ற இடவுணர்வுக் கணக்குகளைப் போட்டார்கள். அமைதியாக இருந்தபோதும், தளர்வுப் பயிற்சி ஒலிநாடாவைக் கேட்டபோதும் எடுத்ததைவிட எட்டு, ஒன்பது புள்ளிகள் கூடுதலாக எடுத்தார்கள். அந்தப் பலனும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் கரைந்துபோனது. சோதனையில் ஒரு கைக்குழந்தைகூட இல்லை. கல்லூரி மாணவரின் கால்மணி நேரக் கூர்மை, ஐந்தே ஆண்டுகளில் தொட்டில் குழந்தையின் அறிவு வளர்ச்சியாக அரசின் பணக்கணக்குக்குள் வந்துவிட்டது.

அந்தக் குறிப்புக்குப் பின் என்ன நடந்தது என்பது அதைவிடச் சுவையானது. 1999-இல் கனடாவில் நடந்த ஒரு சோதனையில், மொசார்ட்டைக் கேட்டவர்களுக்குக் கிடைத்த அதே பலன் ஸ்டீபன் கிங்கின் கதையைக் கேட்டவர்களுக்கும் கிடைத்தது. எது தனக்குப் பிடித்ததோ அதைக் கேட்டவரே நன்றாகச் செய்தார். 2001-இல் வந்த மற்றொரு ஆய்வு, துள்ளலான மொசார்ட்டையும் சோகமான அல்பினோனியையும் ஒப்பிட்டு, வேலை செய்தது மனநிலையும் விழிப்பும்தான் என்று காட்டியது. 2010-இல் வியன்னா ஆய்வாளர்கள் ஏறத்தாழ 40 ஆய்வுகளை, 3,000 பேருக்கு மேற்பட்டோரின் முடிவுகளை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். மொசார்ட்டுக்கென்று தனிச் சக்தி எதுவும் அகப்படவில்லை. இவையெல்லாம் ரகசியங்கள் அல்ல. எல்லாம் அச்சில் வந்தவை. முதல் செய்தி ஊர் முழுக்கப் பரவ, அதன் மேல்முறையீடுகள் மட்டும் ஆய்விதழ்களுக்குள்ளேயே தங்கிவிட்டன. உளவியல் செய்திகளில் இது அடிக்கடி நடக்கிறது. இந்த இடைவெளியை அடைக்க நம்மிடம் இருக்கும் நல்ல கருவி, ஆய்வுத் தரவுத்தளம். அதைச் சாதாரண மனிதர் கைக்குக் கொண்டுவரப் பொருத்தமான இடம், பொது நூலகம்.

உளவியலுக்கென்று உள்ள தரவுத்தளங்களில் முதன்மையானது சைக்இன்ஃபோ. அமெரிக்க உளவியல் சங்கம் 1927-இல் தொடங்கிய 'சைக்கலாஜிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ்' என்ற ஆய்வுச் சுருக்க இதழின் வாரிசு அது. தாளில் வந்த அந்த இதழ் 2006-இல் நின்றுவிட, கணினியில் இருக்கும் தொகுப்பு 50 லட்சம் பதிவுகளைத் தாண்டி வளர்ந்துவிட்டது. முழுக் கட்டுரை இதில் இருக்காது. யார், எப்போது, யாரை வைத்து, எந்த முறையில், என்ன கண்டார்கள் என்ற சுருக்கமும் குறிப்புகளும் இருக்கும். தனிமனிதருக்குச் சந்தா கட்டிக் கட்டுப்படியாகாத இத்தகைய தொகுப்புகளைச் சில நாடுகளில் நூலகங்கள் வாங்கித் தருகின்றன. மில்லர் ஆண்ட அதே ஜார்ஜியாவில் 1995-இல் பல்கலைக்கழகங்களுக்காகத் தொடங்கிய கலிலியோ என்ற இணைய நூலகத் திட்டம் பின்னர் பொது நூலகங்களுக்கும் விரிந்தது. பிரிட்டனில் 2014 முதல் பொது நூலகத்துக்குள் நடந்து சென்று அங்குள்ள கணினியில் ஆய்விதழ்களை இலவசமாகப் படிக்க ஒரு திட்டம் நடைமுறைக்கு வந்தது. வரி கட்டுபவருக்கு ஆய்வைப் பார்க்கும் உரிமை உண்டு என்பதே இவற்றின் அடிப்படை.

தரவுத்தளத்தில் தேடுவது சாதாரணத் தேடலிலிருந்து எங்கே வேறுபடுகிறது? சொல்லில்தான். 'டிப்ரஷன்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். தேர்வில் தோற்ற பையனின் இரண்டு நாள் வாட்டமும் அந்தச் சொல்லுக்குள் வரும். மருத்துவம் தேவைப்படும் நோயும் வரும். சைக்இன்ஃபோவின் சொற்களஞ்சியம் இவற்றைப் பிரித்து வைத்திருக்கிறது. உணர்ச்சி என்ற பொருளில் வரும் டிப்ரஷனுக்கு ஒரு தலைப்பு; நோயாகக் கண்டறியப்பட்டதற்கு 'மேஜர் டிப்ரஷன்' என்று வேறு தலைப்பு. கட்டுரையாசிரியர் எந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருந்தாலும், அதைப் படித்துப் பொருளறிந்து உரிய தலைப்பின் கீழ் சேர்க்கிறார்கள். 1974-இல் முதன்முதலில் நூலாக வெளிவந்த இந்தச் சொற்களஞ்சியம்தான் தேடுபவரிடம் 'நீங்கள் கேட்பது இதுவா, அதுவா?' என்று திருப்பிக் கேட்கிறது. கேள்வி தெளிவாவதே பாதி விடை. நம் சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1933-இல் வெளியிட்ட கோலன் பகுப்புமுறையில், ஒரு பொருளை அதன் பல முகங்களாகப் பிரித்து, வேண்டியபடி சேர்த்துக்கொள்ளலாம் என்று காட்டினார். இன்றைய தரவுத்தளத்தின் இடப்பக்கத்தில் வயது, ஆய்வுமுறை, ஆண்டு என்று வரிசையாக நிற்கும் கட்டங்களும் அந்தச் சிந்தனைக்கு உறவுதான்.

அந்தக் கட்டங்களைத் தொட்டுப் பார்த்தால் அவற்றின் அருமை தெரியும். 'மொசார்ட் விளைவு' என்று தேடி, வயதுக் கட்டத்தில் 'குழந்தைப் பருவம், பிறப்பு முதல் 12 வரை' என்பதைத் தேர்ந்தால் பட்டியல் சட்டென்று சுருங்கும். நம்பிக்கை குழந்தையைப் பற்றியது, ஆய்வுகளில் பெரும்பாலானவை கல்லூரி மாணவரைப் பற்றியவை என்பது அந்த ஒரு சொடுக்கிலேயே வெளிச்சமாகிவிடும். அடுத்து ஆய்வுமுறையில் 'மெட்டா அனாலிசிஸ்' என்பதைத் தேர்ந்தால், பல ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்த தொகுப்பாய்வுகள் மட்டும் மேலே வரும். தனி ஆய்வு ஒரு சாட்சி என்றால், தொகுப்பாய்வு எல்லாச் சாட்சிகளையும் விசாரித்து எழுதிய அறிக்கை. ஆளுநரின் உதவியாளர் ஒருவர் ஒரு பிற்பகல் இப்படி உட்கார்ந்திருந்தால், 1998-இல் தொகுப்பாய்வு கிடைத்திருக்காதுதான். ஆனால் 36 மாணவர்களுக்கும் பச்சிளங்குழந்தைக்கும் தொடர்பில்லை என்பதாவது தெரிந்திருக்கும்.

கூகுள் ஸ்காலர் இலவசமாக இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2004-இல் வந்த அந்தச் சேவையின் பரப்பு பெரிது. ஒரு கட்டுரையைப் பின்னால் யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று தொடர்ந்து போக அதைப் போல வசதியானது குறைவு. சிக்கல் அதன் வரிசையில் இருக்கிறது. அதிகம் மேற்கோள் பெற்ற கட்டுரை அங்கே முன்னுக்கு வந்து நிற்கும். அதிகம் மேற்கோள் பெற்றது சரியானதாகத்தான் இருக்குமா? மறுசோதனையில் தேறாத ஆய்வுகள், தேறியவற்றைவிட அதிகமாக மேற்கோள் காட்டப்படுகின்றன என்று 2021-இல் 'சயின்ஸ் அட்வான்சஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு கண்டது. தேறவில்லை என்று தெரிந்த பிறகு வந்த மேற்கோள்களிலும், அந்தத் தோல்வியைச் சொன்னவை 12 சதவீதம்தான். வியப்பூட்டும் முடிவுக்கு விளம்பரம் தானாகக் கிடைக்கிறது, மறுப்புக்குக் கிடைப்பதில்லை. எனவே புகழை வைத்து அடுக்கும் கருவியோடு, முறையையும் ஆளையும் ஆண்டையும் வைத்து அடுக்கும் கருவி ஒன்றும் கையில் இருக்க வேண்டும்.

இரண்டாவது ஆட்சேபம்: புள்ளியியல் படிக்காதவருக்கு ஆய்வுக் கட்டுரை எப்படிப் புரியும், அரைகுறையாகப் படித்துத் தானே வைத்தியம் செய்துகொள்ள மாட்டாரா? அந்த ஆபத்து உண்மை. ஆனால் அரைகுறை அறிவு தரவுத்தளத்தால் வருவதில்லை. வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும் அது ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்டது. ஆய்வுச் சுருக்கத்தைப் படிக்கும் பெற்றோர் எதையும் கணக்கிட வேண்டியதில்லை. யாரை வைத்துச் செய்தார்கள், எத்தனை பேர், வேறு யாராவது செய்து பார்த்தார்களா என்ற மூன்று கேள்விகள் போதும். குழந்தைக்குக் கவனக்குறைபாடு என்று சந்தேகப்படுபவர் நூலகத்திலிருந்து நேராக மருந்துக்கடைக்குப் போகக் கூடாது, மருத்துவரிடம்தான் போக வேண்டும். அங்கே அவர் கேட்கும் கேள்வியின் தரம் மாறியிருக்கும். நடுவில் ஒரு நூலகர் இருப்பதும் இதற்காகத்தான்: நோயைப் பற்றி அவர் தீர்ப்புச் சொல்ல மாட்டார்; எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவது என்று சொல்லித் தருவார்.

மூன்றாவது ஆட்சேபம் கனமானது. தரவுத்தளத்தில் இருக்கும் ஆய்வே தவறாக இருந்தால்? 2015-இல் நூறு உளவியல் ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்த பெருமுயற்சியில், மூல ஆய்வுகளில் 97 சதவீதம் புள்ளியியல் முக்கியத்துவம் கோரியிருக்க, மறுசோதனைகளில் 36 சதவீதமே அதை எட்டின. பலன் காட்டாத ஆய்வுகள் ஆய்வாளரின் மேசை இழுப்பறையிலேயே உறங்குவதை 1979-இலேயே ராபர்ட் ரோசந்தால் சுட்டிக்காட்டினார். ஆய்வுகளில் பங்கேற்பவர்கள் பெரும்பாலும் மேற்கத்திய, படித்த, வசதியான சமூகத்தினர் என்பது 2010-இல் ஜோசப் ஹென்ரிக்கும் அவர் சகாக்களும் வைத்த குற்றச்சாட்டு. மதுரை மாணவரைப் பற்றி அந்த முடிவுகள் எவ்வளவு சொல்லும் என்று நாம் கேட்டே ஆக வேண்டும். இவற்றில் எதையும் மறுக்க முடியாது. ஆனால் இந்த மூன்று குற்றச்சாட்டுகளும் உளவியல் துறைக்குள்ளிருந்தே எழுந்தவை. அவையும் உளவியல் ஆய்வின் பகுதியாகவே பதிவாகியிருக்கின்றன. ஆய்விதழில் இடம் பெறாத பல முனைவர் பட்ட ஆய்வேடுகளும் சைக்இன்ஃபோவில் சேர்க்கப்படுகின்றன. இழுப்பறை கொஞ்சமாவது திறக்கிறது. பங்கேற்றவர்கள் எந்த நாட்டினர் என்ற குறிப்பையும் பதிவுகளில் பார்க்கலாம். ஒரு துறையின் குறைகளை அந்தத் துறையின் பதிவேட்டிலேயே தேடி எடுக்க முடிகிறதென்றால், அது அந்தப் பதிவேட்டுக்குப் பெருமைதான்.

மிச்சம் இருப்பது பணம். ஆய்விதழ்களுக்கு அரசே சந்தா கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2025 முதல் மூன்று ஆண்டுகளுக்கு ரூ.6,000 கோடி, 30 பதிப்பகங்கள், சுமார் 13,000 இதழ்கள், 6,300-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள். முதல் கட்டத்தில் பலன் பெறுவோர் அரசு உயர்கல்வி நிறுவனங்களும் மத்திய ஆய்வு நிறுவனங்களும். பொது நூலகங்கள் அந்தப் பட்டியலில் இல்லை. கல்லூரியை விட்டு வெளியே வந்த மறுநாளே பட்டதாரிக்குக் கதவு சாத்தப்படுகிறது. பள்ளி ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் அது திறந்ததே இல்லை. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டத்தை 1948-இல் இயற்றிய மாநிலம் நம்முடையது. சொத்து வரியோடு நூலக வரியையும் கட்டிவருகிறோம். சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் சில கணினிகளிலாவது இந்த ஆய்விதழ்களைத் திறந்துவிட வேண்டும். அருகில் தேடக் கற்றுத்தரும் நூலகர் ஒருவரை உட்கார வைக்க வேண்டும். அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. மருத்துவத்துக்கு பப்மெட், கல்விக்கு எரிக் ஆகிய தரவுத்தளங்கள் இப்போதே இலவசம். உளவியலின் கணிசமான பகுதியை இந்த இரண்டும் தொடுகின்றன. அடுத்த முறை 'ஆய்வு சொல்கிறது' என்று ஒரு செய்தி வந்தால், அதை அடுத்தவருக்கு அனுப்புமுன் அந்த ஆய்வில் இருந்தவர்கள் எத்தனை பேர் என்று மட்டும் அங்கே போய்ப் பாருங்கள்.