முந்நூறு சதுர அடியில் ஒரு குடும்பம்

சக்கரங்களின் மேல் நிற்கும் மர அறை, சுற்றிலும் புல்வெளி, தொலைவில் மலை. ‘சிறுவீடு’ என்று இணையத்தில் தேடினால் பெரும்பாலும் இந்தப் படம்தான் வந்து நிற்கிறது. அமெரிக்காவில் 2008 பொருளாதார நெருக்கடிக்குப் பின் வேகம் பெற்ற இவ்வழக்கம், குறைவான பொருள்களுடன் வாழ விரும்புவோரின் தேர்வு. நம் நகரங்களுக்கோ சிறுவீடு புதிதன்று. ஒரு முற்றம், ஒரு கிணறு, ஆறேழு குடும்பங்கள் என ஒண்டுக் குடித்தனத்தில் வாழ்ந்த தலைமுறைகளைச் சென்னை அறியும். இங்கே வீட்டைச் சிறிதாக்கியது நிலத்தின் விலை.

2015-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டம், நலிவுற்ற பிரிவினருக்கான வீட்டின் உட்பரப்பை 30 சதுர மீட்டர் வரை என வரையறுத்தது. ஏறத்தாழ 323 சதுர அடி. இந்த அளவுக்குள் நான்கைந்து பேர் சமைத்து, படித்து, உறங்கி எழ வேண்டும். அளவு சிறியதாக இருப்பதாலேயே ஒரு வீடு சூழலுக்கு உகந்ததாகிவிடுமா? செங்கல்லும் சிமென்டும் குறைவாகச் செலவாகும் என்பது உண்மை. ஆனால், அந்த வீடு பகலெல்லாம் சூடேறி, குளிரூட்டிப் பெட்டி இல்லாமல் உறங்கவே முடியாது என்ற நிலை வந்தால், கட்டும்போது மிச்சப்படுத்தியதை மின்கட்டணமாகப் பல ஆண்டுகள் திருப்பிச் செலுத்த நேரும். குளிரூட்டி வாங்க இயலாதவர்கள் அதை உடல்நலத்தால் செலுத்துவர்.

எனவே, சிறுவீட்டு வடிவமைப்பின் முதல் கேள்வி வெப்பம். சென்னை, நிலநடுக்கோட்டிலிருந்து 13 பாகை வடக்கே உள்ளது. ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே நிற்கிறது. அந்த வெயிலை முழுமையாக வாங்குவது கூரை. பகலில் கான்கிரீட் தளம் சேர்த்துக்கொண்ட வெப்பம் இரவில் அறைக்குள் இறங்குகிறது. பெரிய வீட்டில் வேறு அறைக்கு மாறிப் படுக்கலாம். ஓரறை வீட்டில் அதற்கு வழியில்லை. பழைய ‘மெட்ராஸ் மாடி’யில் மரக்கட்டைகளின் மேல் செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கெட்டிப்படுத்தினார்கள். அந்தத் தடிமன் வெப்பம் உள்ளே இறங்குவதைத் தாமதப்படுத்தியது. இன்று அதே பயனைத் தளத்தின் மேல் வெப்பத்தடுப்பு அடுக்கும், வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை ஓடும் தர முடியும்.

அடுத்தது மேற்குச் சுவர். தெற்கு ஜன்னலுக்கு மேலே ஒரு சிறிய வெயில்மறைப்பு போதும். மாலைச் சூரியன் தாழ்ந்து வருவதால் மேற்கில் அது பயன்படாது. மாடிப்படி, கழிப்பறை, சுவரலமாரி ஆகியவற்றை அந்தப் பக்கம் அமைத்தால், அவை வெப்பத்தை ஏற்றுக்கொண்டு உறங்கும் இடத்தைக் காக்கும்.

மூன்றாவது காற்று. காற்று உள்ளே வர ஒரு திறப்பு போதாது. வெளியேற மற்றொன்று வேண்டும். நடுவில் நடைபாதை, இருபுறமும் வீடுகள் என்று கட்டப்படும் குடியிருப்புகளில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம்தான் வெளிப்புறம். நடைபாதைக் கதவை மூடியதும் காற்று நின்றுவிடுகிறது. சமையல் புகையும் ஈரமும் உள்ளேயே தங்குகின்றன. நடைபாதையை ஒரு பக்கத்துக்கு நகர்த்தி, கதவுக்கு மேலே காற்றுத்துளை வைத்தால், சென்னையின் பிற்பகல் கடற்காற்று வீட்டைக் கடந்து செல்லும். இதற்குத் தேவை பணத்தைவிட வரைபடத்தில் சற்றே கூடுதல் கவனம்.

கட்டுமானப் பொருளிலும் சிக்கனத்துக்கு இடமுண்டு. கேரளத்தில் லாரி பேக்கர் பரவலாக்கிய ‘எலிப்பொறிக் கட்டு’ முறையில் செங்கற்கள் பக்கவாட்டில் நிறுத்தப்பட்டு, சுவருக்குள் வெற்றிடம் விடப்படுகிறது. செங்கல் ஏறத்தாழ கால்பங்கு குறைகிறது. உள்ளிருக்கும் காற்று வெப்பத்தையும் தடுக்கிறது. தளத்தின் அடிப்பகுதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பியே என்பதால், அங்குள்ள கான்கிரீட்டின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பழைய ஓடுகளை வைக்கும் முறையையும் அவர் கையாண்டார். தாழ்ந்த கட்டடங்களுக்கு இவை இன்றும் பொருந்தும்.

தண்ணீரைப் பொறுத்தவரை ஓர் எளிய கணக்கு. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மி.மீ. 30 சதுர மீட்டர் கூரையில் விழும் 42,000 லிட்டரில் ஐந்தில் நான்கு பங்கைச் சேமித்தால் 33,600 லிட்டர். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற அளவில், நால்வர் குடும்பத்துக்கு அது 62 நாள்களுக்கு வரும். அதே கூரையின் கீழ் ஐந்து தளங்கள் இருந்தால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 12 நாள்கள்தான். அடுக்குமாடி நிலத்தை மிச்சப்படுத்துகிறது. மழைநீரில் அவரவர் பங்கைக் குறைக்கிறது. ஆகவே அங்கே குளியல் நீரைச் சுத்திகரித்துக் கழிப்பறைக்குப் பயன்படுத்தும் ஏற்பாடு தொடக்கத்திலேயே குழாய் வரைபடத்தில் இடம்பெற வேண்டும். பின்னர் சேர்ப்பது கடினம்.

இவை அனைத்தும் சுவருக்கு உள்ளே. சிறுவீட்டின் மறுபாதி வெளியே இருக்கிறது. கட்டடக் கலைஞர் பி.வி. தோஷி இந்தூரில் வடிவமைத்த ஆரண்யா குடியிருப்பில் மிகச் சிறிய மனை 35 சதுர மீட்டர். அடித்தளம், கழிப்பறை, ஓர் அறை ஆகியவற்றுடன் தொடங்கி, வருவாய் கூடும்போது குடும்பமே வீட்டை வளர்த்துக்கொள்ளலாம். தெருவை நோக்கிய திண்ணைகளும் படிகளும் வீட்டின் நீட்சியாயின. 1995-இல் ஆகா கான் கட்டடக் கலை விருது பெற்ற அத்திட்டம் காட்டுவது இதுதான்: அறை சுருங்கும் அளவுக்குத் திண்ணை, மரநிழல், மொட்டைமாடி, குழந்தைகள் விளையாடும் இடம் ஆகியன விரிய வேண்டும்.

இருப்பிடமும் வடிவமைப்பின் ஒரு பகுதியே. 1970-இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாறிய அமைப்பு, கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் ஆயிரக்கணக்கான வீடுகளைக் கட்டியுள்ளது. ஆற்றங்கரைகளிலிருந்து அங்கு சென்றவர்களுக்குக் கான்கிரீட் கூரை கிடைத்தது. வீட்டு வேலை, மீன் விற்பனை, தள்ளுவண்டி வணிகம் என்று பிழைப்பு இருந்த இடம் தொலைவானது. நாள்தோறும் பேருந்தில் கழியும் மணிநேரமும், அதற்கான எரிபொருளும் அந்த வீட்டின் கணக்கில் சேர வேண்டியவை. பணியிடத்துக்கு நடந்து செல்லும் தொலைவில் உள்ள 300 சதுர அடி, நகர விளிம்பில் உள்ள 400 சதுர அடியைவிடப் பெரியது.

பழைய வாரியக் குடியிருப்புகள் பல இப்போது இடித்துக் கட்டப்படுகின்றன. அவை நகரின் நடுவிலேயே அமைந்திருப்பது பெரும் வாய்ப்பு. ஒப்பந்தப்புள்ளியில் வீடுகளின் எண்ணிக்கையையும் பரப்பையும் குறிப்பிடுவதுபோலவே, இரு பக்கத் திறப்பு, கூரை வெப்பத்தடுப்பு, மேற்குச் சுவர்ப் பாதுகாப்பு, நீர் மறுபயன்பாடு ஆகியவற்றையும் கட்டாயமாக்கலாம். வரைபடம் இறுதியாகும் முன்பே அங்கு வாழப்போகும் பெண்களிடம் ஒருமுறை காட்டிக் கருத்துக் கேட்கலாம். சமையலறை ஜன்னல் எங்கே இருக்க வேண்டும் என்பதை அவர்களைவிட நன்கு அறிந்தவர் யாருமில்லை.